தொழில்முறை டூபா: எந்தப் பட்டறை, யாருக்கு, எதற்காக?

"மிராஃபோனா, யமஹாவா, மெல்டனா?" என்ற கேள்வியோடு, பித்தளை ஊதுகருவிகளில் மிகத் தாழ்ந்த ஒலி தரும் டூபாவைத் தேடத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் பாதி வழியில் திணறி நிற்கிறார்கள். நிறுவனத்தின் பெயர் கடைசியில் எடுக்க வேண்டிய முடிவு. அதை முதலில் எடுத்தால் மற்ற எல்லாமே அதற்குக் கட்டுப்பட்டுப் போய்விடும். எந்த ஆதார சுருதி, எந்தப் பருமன், எந்த வகை வால்வு (அழுத்தினால் குழாயை நீட்டிச் சுரத்தைத் தாழ்த்தும் பொறி) என்ற மூன்றும் தீர்ந்தால் பட்டியலில் மூன்று நான்கு மாடல்களே மிஞ்சும்.

குறையே இல்லாத டூபாவை இதுவரை எந்தப் பட்டறையும் செய்ததில்லை. ஐந்து மீட்டர் கூம்புக் குழாயைச் சுருட்டி, நடுவில் வால்வுகளைச் செருகினால் எங்கோ ஒரு சுரம் விலகத்தான் செய்யும். அந்த விலகலை எந்தச் சுரத்தில் ஒதுக்கி வைப்பது என்பதில்தான் பட்டறைகள் வேறுபடுகின்றன. உங்கள் உதடும் காதும் எந்தக் குறையைச் சமாளிக்கும் என்று கண்டுகொள்வதே தேர்வின் சாரம்.

## அளவுகோல்கள்

ஆதார சுருதி. தொழில்முறையில் நான்கு வகைகள் புழங்குகின்றன. குழாயின் நீளம் பி-ஃபிளாட்டுக்கு ஏறத்தாழ 5.5 மீட்டர், சி-க்கு 4.9, இ-ஃபிளாட்டுக்கு 4.0, எஃப்-க்கு 3.7. 1835இல் பெர்லினில் வீப்ரெக்டும் மோரிட்ஸும் காப்புரிமை பெற்ற முதல் டூபா எஃப் வகைதான். ஜெர்மானிய, ஆஸ்திரிய ஆர்கெஸ்ட்ராக்களில் எஃப்-பும் பி-ஃபிளாட்டும் மரபு. அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்களில் சி முதன்மைக் கருவி, எஃப் துணைக்கருவி. பிரிட்டிஷ் பிராஸ் பேண்டில் இ-ஃபிளாட்டும் பி-ஃபிளாட்டும். நீங்கள் வாசிக்கப்போகும் குழு எந்த மரபைச் சேர்ந்தது என்பதே பாதி விடை. சுருதி மாறினால் விரலமைப்பு முழுவதையும் புதிதாகப் பழக வேண்டும். அந்த மாதங்களையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பருமன். 3/4, 4/4, 5/4, 6/4 என்று குறிப்பது நீளத்தை அல்ல, குழாயின் பருமனையும், ஒலி வெளிவரும் முனையான பெல்லின் விரிவையும். இதற்குப் பொதுத் தரநிலை கிடையாது. ஒரு பட்டறையின் 4/4 இன்னொன்றின் 5/4 அளவுக்கு இருக்கலாம். விளம்பரத் தாளில் உள்ள பின்னத்தை நம்பாமல் பெல்லின் விட்டம், வால்வுக் குழாயின் உள்விட்டம், எடை ஆகிய மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

வால்வு. சுழலும் வகையான ரோட்டரியில் விரல் நகர வேண்டிய தூரம் குறைவு, லெகாட்டோ (சுரங்களை இடைவெளியின்றி இணைத்து வாசிப்பது) வழுக்கிக்கொண்டு போகும். மேலும் கீழும் நகரும் பிஸ்டனில் சுரத்துக்குச் சுரம் விளிம்பு தெளிவாகத் தெரியும், சுத்தம் செய்வது எளிது. ஆனால் விரல் நீண்ட தூரம் அழுத்த வேண்டும். சிறிய கை உள்ளவர்கள் நான்காவது பிஸ்டனைச் சுண்டுவிரலால் அழுத்திப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது.

சுருதிச் சுத்தம். இங்கே கணக்கு உதவும். ஒவ்வொரு வால்வையும் தனியாகச் சரியாக அமைத்தாலும், சேர்த்து அழுத்தும்போது குழாயின் நீளம் போதாமல் சுரம் ஏறிவிடும். அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். அந்தக் கணக்கில் 1+2 (முதல், இரண்டாம் வால்வுகளைச் சேர்த்து அழுத்துவது) ஏறத்தாழ 11 சென்ட், 1+3 ஏறத்தாழ 30, 1+2+3 ஏறத்தாழ 54 சென்ட் ஏறும். நான்காவது வால்வு இருந்தாலும் 2+4 ஏறத்தாழ 25, 1+4 ஏறத்தாழ 48 சென்ட் ஏற்றமாகவே ஒலிக்கும். ஐந்தாவது வால்வு வந்தது இதற்காகத்தான். சி டூபாவில் முதல் வால்வு ஏறத்தாழ 60 செ.மீ. குழாயைக் கூட்டுகிறது. நான்காவதோடு சேர்ந்து கீழ் எஃப் சுரம் சுத்தமாக வர ஏறத்தாழ 80 செ.மீ. தேவை. அந்த நீண்ட முழுச்சுரத்தைத் தருவதே ஐந்தாவதின் வேலை.

ஐந்தாம் ஹார்மோனிக். ஒரே குழாய் நீளத்தில் உதட்டை மட்டும் மாற்றி எழுப்பும் சுரவரிசையில் ஐந்தாவது, இயற்கையிலேயே 14 சென்ட் இறங்கி நிற்கும் இடம் இது. சி டூபாவில், தாழ்ந்த சுரங்களுக்கான எழுத்துமுறையான பாஸ் கிளெஃபின் மூன்றாம் இடைவெளியில் உள்ள இ சுரமும், அதற்குக் கீழுள்ள இ-ஃபிளாட்டும் டி-யும் இதில் அடங்கும். நல்ல மாடலில் உதட்டாலேயே சரிசெய்துவிடலாம். இல்லையென்றால் இ-க்கு 1+2, இ-ஃபிளாட்டுக்கு 2+3, டி-க்கு 4 என்று மாற்று விரலமைப்பு தேட வேண்டும். எந்த டூபாவையும் முதலில் இந்த மூன்று சுரங்களில்தான் சோதிக்க வேண்டும்.

பழுதுபார்ப்பு. உங்களால் எட்ட முடிந்த தூரத்தில் அந்த வகை வால்வை அறிந்த கைவினைஞர் இருக்கிறாரா, உதிரி பாகம் கிடைக்குமா? ஒலியின் அழகில் மயங்கும்போது மறந்துபோகும் அளவுகோல் இதுதான். மூன்றாம் ஆண்டில் நினைவுக்கு வரும்.

## ஒரே பார்வையில்

| மாடல் | சுருதி | வால்வு | வலு | விலையில் தெரியாத சுமை |
|---|---|---|---|---|
| மிராஃபோன் 186 | சி, பி-ஃபிளாட் | ரோட்டரி | பல்துறைப் பயன்பாடு, உதிரி பாகங்கள் | பெரிய ஆர்கெஸ்ட்ராவில் அகலம் போதாமை |
| பி அண்டு எஸ் பிடி-6 | சி | ரோட்டரி (பிஸ்டன் வடிவமும் உண்டு) | ஆர்கெஸ்ட்ராவின் அன்றாட வேலை | இரண்டாவது கருவியாக எஃப் தேவைப்படும் |
| மெல்டன் 6450 | சி | பிஸ்டன் | 6/4 அகலம் | எடை, மூச்சு |
| யமஹா 822 | எஃப் | பிஸ்டன் | கீழ் ஸ்தாயியின் சமநிலை | ஜெர்மானிய நிறத்தை எதிர்பார்ப்பவருக்கு ஏமாற்றம் |
| யமஹா 826 | சி | பிஸ்டன் | பழைய யார்க் நிறுவன வடிவில் 6/4 | எடை, வெள்ளிப் பூச்சின் பராமரிப்பு |
| பெஸ்ஸன் 981 | இ-ஃபிளாட் | காம்பன்சேட்டிங் (நீளக் குறையை ஈடுசெய்யும்) பிஸ்டன் | நான்கு வால்வில் சுத்தமான கீழ் ஸ்தாயி | எடை, கூடுதல் குழாய்களின் பராமரிப்பு |
| அலெக்சாண்டர் 163 | சி, பி-ஃபிளாட் | ரோட்டரி | நாதத்தின் நிறம் | கருவிக்குக் கருவி தேடிப் பார்க்க வேண்டியது |
| ஈஸ்ட்மன் 836 | சி | பிஸ்டன் | 6/4 வடிவம், குறைந்த விலை | மறுவிற்பனை, தொடக்கச் சீரமைப்பு |

## மிராஃபோன்: ஒரே கருவியோடு காலம் தள்ள வேண்டியவருக்கு

இன்றைய செக் குடியரசில் உள்ள கிராஸ்லிட்ஸிலிருந்து இடம்பெயர்ந்த கருவிக் கைவினைஞர்கள் 1946இல் பவேரியாவின் வால்ட்கிரைபுர்க்கில் கூட்டுறவாகத் தொடங்கிய பட்டறை இது. 186 என்ற எண் பல தலைமுறைக் கலைஞர்களுக்கு அறிமுகம். குவின்டெட் (ஐவர் குழு), பேண்டு, நடுத்தர ஆர்கெஸ்ட்ரா என எங்கும் தலைகுனிய விடாது. நாதம் கச்சிதமாக, முனை கூர்மையாக வரும். மெல்ல வாசித்தாலும் கடைசி வரிசைக்குச் சொல் போய்ச் சேரும்.

பருமனான ட்ரம்போன் பிரிவுக்கு அடியில் தரை விரிக்க வேண்டிய இடத்தில்தான் இது திணறும். பலம் கூட்டினால் ஒலி அகலாமல் விளிம்பு கடுமையாகிவிடும். அந்த வேலைக்கு அதே பட்டறையின் பிஸ்டன் வகையான 1291 பொருத்தம். எஃப்-பில் ஃபயர்பேர்ட், இ-ஃபிளாட்டில் நார்வீஜியன் ஸ்டார் ஆகியவை தனி வாசிப்புக்கும் சிறு குழுவுக்கும் கையடக்கமான தேர்வுகள்.

186 பழைய கருவியாகவும் நிறையக் கைமாறுகிறது. அப்படி வாங்கும்போது ரோட்டரின் தாங்கியைக் கவனியுங்கள். தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் தட்டுப்படும் ஆட்டம், தேய்மானத்தின் அடையாளம். கெட்டியான எண்ணெய் அதைச் சில வாரம் மறைக்கும், குணப்படுத்தாது.

## பி அண்டு எஸ், மெல்டன்: ஆர்கெஸ்ட்ராவில் சேரும் தேர்வை நோக்கிப் போகிறவருக்கு

இரண்டும் ஜெர்மனியில் தனித்தனி வேர் விட்டவை. இன்று பெஸ்ஸனோடு சேர்ந்து பஃபே கிராம்பான் குழுமத்தின் கீழ் இருக்கின்றன. பி அண்டு எஸ்ஸின் 'பிடி' வரிசை பெரான்டுச்சி என்ற பெயரின் சுருக்கம். டேனியல் பெரான்டோனி, ராபர்ட் டுச்சி என்ற இரு டூபா கலைஞர்களின் பெயர்களை இணைத்து உருவான சொல் அது.

பிடி-6 சி டூபாவை நடுவழி என்று சொல்லலாம். 186ஐவிட அகலம், 6/4ஐவிடச் சுறுசுறுப்பு. ஒரே மாலையில் வாக்னரும் மொசார்ட் காலத்து ஒழுங்கோடு எழுதப்பட்ட புதிய படைப்பும் வந்தால் இரண்டுக்கும் ஈடுகொடுக்கும். சி ஒன்றை மட்டும் வாங்கப்போகிறவருக்குப் பட்டியலின் முதல் வரிசையில் வைக்க வேண்டியது இதையே.

இந்த மரபின் ரோட்டரி எஃப் டூபாக்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேல் ஸ்தாயியில் அவை பாடுகிற பாட்டுக்கு இணை குறைவு. முசோர்க்ஸ்கியின் 'ஒரு கண்காட்சியின் ஓவியங்கள்' என்ற படைப்புக்கு 1922இல் ராவெல் செய்த ஆர்கெஸ்ட்ரா வடிவத்தில், 'பிட்லோ' பகுதி டூபாவை மிக உயரத்துக்கு இழுக்கிறது. அங்கே இந்த எஃப் டூபா உதட்டுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் நான்காவது வால்வில் வரும் கீழ் சி-யும் அதைச் சுற்றிய சுரங்களும் பிடிகொடுக்காமல் நழுவும். ஒலி மங்கும், சுரம் இரண்டாகப் பிளக்கும். எஃப் டூபா வாங்குகிறவர்கள் ஏமாறும் இடம் இதுதான், ஏனென்றால் கடையில் எல்லோரும் மேலே மட்டும் வாசித்துப் பார்க்கிறார்கள். வேகமாக ஊதாமல், காற்றை அகலமாகவும் மெதுவாகவும் அனுப்பப் பழகினால் அந்தச் சுரங்கள் வசப்படும். அதற்குப் பொறுமை இல்லாதவர் பிஸ்டன் எஃப் பக்கம் போவது நல்லது.

மெல்டனின் 6450 நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கின் ஆலன் பேருடன் சேர்ந்து உருவான பெரிய சி டூபா. பெரிய மண்டபம், பெரிய பிராஸ் பிரிவு, முழுநேர ஆர்கெஸ்ட்ரா வேலை, கூடவே ஒரு எஃப் டூபா ஆகியவை இருப்பவருக்கு அது பொருத்தம். அவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அதே பட்டறையின் 5450 'தோர்' மாடலே மேலானது.

## யமஹா: பார்க்காமலே வாங்க நேர்ந்தால்

தூரத்திலிருந்து வரவழைக்க வேண்டிய நிலையில் இருப்பவருக்கு யமஹாவின் பெரிய பலம், கருவிக்குக் கருவி உள்ள வேறுபாடு குறைவு என்பது. நண்பர் வாசித்த 822-ம் உங்களிடம் வரும் 822-ம் ஏறத்தாழ ஒன்றாகவே நடந்துகொள்ளும். கைவேலை அதிகமுள்ள பட்டறைகளில் இப்படிச் சொல்ல முடியாது.

822 எஃப் நான்கு பிஸ்டனும் ஒரு ரோட்டரியும் கொண்டது. மேலே சொன்ன கீழ் சி சிக்கல் இதில் பெரிதும் தணிந்திருக்கிறது. ஒரே எஃப் டூபாவில் குவின்டெட்டின் அடிச்சுரங்களையும் தனி வாசிப்பையும் நடத்த வேண்டியவருக்கு இதைவிடக் கவலையற்ற கருவி அரிது. ரோட்டரி எஃப்-பின் மெல்லிய, செறிந்த நிறம் இதில் கிடைக்காது.

826 சி-யின் பூர்வீகம் சிகாகோ. அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸில் இருந்த யார்க் நிறுவனம் 1933இல் இரண்டு பெரிய சி டூபாக்களைச் செய்தது. சிகாகோ சிம்ஃபனியில் 1944 முதல் 1988 வரை வாசித்த அர்னால்டு ஜேக்கப்ஸின் கையில் அவை புகழடைந்தன. அந்த வடிவத்தை மீட்டெடுக்கப் பல பட்டறைகள் முயன்றன, 826 அவற்றில் ஒன்று. மெல்ல வாசிக்கும்போதும் ஒலி அறையை நிறைக்கும் என்பதுதான் இதன் அருமை. உரக்க வாசிப்பதற்காக மட்டும் 6/4 தேடுகிறவர் அதன் பாதியைக்கூடப் பயன்படுத்தப் போவதில்லை.

## பெஸ்ஸன்: இ-ஃபிளாட் மரபில் நிற்பவருக்கு

டேவிட் பிளெய்க்லி 1874இல் உருவாக்கிய காம்பன்சேட்டிங் முறைதான் இதன் உயிர். நான்காவது வால்வை அழுத்தியதும் காற்று மற்ற வால்வுகள் வழியாக இரண்டாம் முறை சுற்றி, போதாமல் நிற்கும் நீளத்தைக் கூடுதல் சிறு குழாய்களில் பெற்றுக்கொள்கிறது. 48 சென்ட் ஏறியிருக்க வேண்டிய 1+4 அதனாலேயே சுத்தமாக ஒலிக்கிறது. ஐந்தாவது வால்வு தேவையில்லை.

981இல் மூன்று வால்வு வலது கைக்கு, நான்காவது இடது கைக்கு. பெல் 19 அங்குலம். இடது கை வேலையில் மாட்டிக்கொள்வதால் வாசிக்கும்போதே ஸ்லைடை (நீட்டக்கூடிய குழாய்த் துண்டு) இழுத்துச் சுருதி திருத்த முடியாது. திருத்தம் முழுவதும் உதட்டின் பொறுப்பு. காற்று இருமுறை வளைவதால் கீழே சற்று அடைப்புணர்வும் இருக்கும். அந்தச் சிறு குழாய்களில் ஈரம் தங்கிப் படியும். சாதாரண டூபாவைக் கழுவும் இடைவெளி இதற்குப் போதாது.

பிராஸ் பேண்டில் உட்காரப்போகிறவருக்கு இது முதல் தேர்வு. டூபாவின் சிறிய உறவான யூஃபோனியத்திலிருந்து வருகிறவருக்கும் கை உடனே பழகிவிடும். அமெரிக்க வழி ஆர்கெஸ்ட்ராத் தேர்வுக்குத் தயாராகிறவர் சி-யும் எஃப்-பும் பார்ப்பதே விவேகம்.

## வில்சன், அலெக்சாண்டர்

சுவிட்சர்லாந்தின் ஃப்ளும்ஸில் உள்ள வில்சனின் தனி அடையாளம் ரோட்டாக்ஸ் என்ற ரோட்டரி வால்வு. 3050 சி டூபாவில் அதன் திறந்த ஓட்டத்தை உணரலாம். ஆனால் உதிரி பாகம் அந்தப் பட்டறையை மட்டுமே சார்ந்தது. மைன்ஸில் 1782 முதல் இயங்கும் அலெக்சாண்டரின் 163, நாதத்தின் நிறத்துக்காகவே தேடப்படுவது. அதை வாசிக்காமல் வாங்கவே கூடாது, முடிந்தால் இரண்டு மூன்றை அருகருகே வைத்துப் பாருங்கள்.

## சீனாவில் செய்யப்படும் ஈஸ்ட்மன், வெசெக்ஸ்

புகழ்பெற்ற பழைய வடிவங்களைப் பின்பற்றிக் குறைந்த விலைக்கு வரும் இவற்றை ஒதுக்கித் தள்ளிய காலம் போய்விட்டது. ஈஸ்ட்மனின் 832, 836 இரண்டையும் தொழில்முறைக் கலைஞர்களே கையில் எடுக்கிறார்கள். மாணவப் பருவம் முடிந்து முதல் 6/4 வாங்குகிறவருக்கும், வெளியரங்க நிகழ்ச்சிக்கு இரண்டாவது கருவி தேடுகிறவருக்கும் இவை நியாயமான வழி.

பெட்டியைத் திறந்ததும் மேடைக்குக் கொண்டுபோகலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம். ஸ்லைடுகள் இறுகியிருக்கலாம், பற்றவைப்பில் கசிவு இருக்கலாம், பிஸ்டனின் ஃபெல்ட் உயரம் தவறியிருக்கலாம். பெரும்பாலும் ஒரு கைவினைஞரின் ஓரிரு நாள் வேலை. அந்தக் கூலியைச் சேர்த்த பிறகும் விலை குறைவென்றால் வாங்கலாம். மறுவிற்பனையில் ஜெர்மானிய, ஜப்பானியக் கருவி தாங்குமளவு இவை விலை தாங்குவதில்லை.

## விலைச்சீட்டில் இல்லாத செலவுகள்

மவுத்பீஸின் ஷாங்க் (கருவிக்குள் செருகும் தண்டு) அமெரிக்க அளவு, சற்றுப் பருத்த ஐரோப்பிய அளவு என்று இருவகை. பொருந்தாத ஷாங்க் ஆழமாக இறங்கினாலும், விளிம்பிலேயே நின்றாலும் ஆக்டேவுகள் ஒன்றுக்கொன்று விலகும். பலர் கருவியின் குறை என்று நினைப்பது இதுவாகவே இருக்கும். புதிய டூபாவோடு புதிய மவுத்பீஸுக்கும் பணம் ஒதுக்குங்கள்.

பெட்டியும் எடையும் அடுத்தது. 4/4 டூபா ஏறத்தாழ 8 முதல் 10 கிலோ, 6/4 என்றால் 11-க்கு மேல். கெட்டிப் பெட்டியில் வைத்தால் 23 கிலோவை எளிதில் தாண்டும். பல விமான நிறுவனங்கள் 32 கிலோவுக்கு மேல் ஒரு பெட்டியை ஏற்பதே இல்லை. மென்மையான பையில் எடை குறையும், ஆனால் அரை மில்லிமீட்டர் அளவே கனமுள்ள பெல் தகடு ஒரு இடிக்கே மடியும்.

பூச்சையும் கவனியுங்கள். வெள்ளி கந்தகத்தால் கறுக்கும், அதனால் பெட்டிக்குள் ரப்பர் வளையம் வைக்க வேண்டாம். லேக்கர் வியர்வையில் உரியும். லீட்பைப்பில் (மவுத்பீஸைச் செருகும் முதல் குழாய்) இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைகிறது, விரைவில் அந்தக் குழாயை மாற்ற வேண்டிவரும்.

## வாசித்துப் பார்க்கும் நாளில்

1. முதலில் 15 நிமிடம் ஊதிச் சூடேற்றுங்கள். உள்ளிருக்கும் காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் ஏறும், குளிர்ந்த கருவியின் அளவீடு பயனற்றது.
2. ட்யூனரை உங்கள் கண்ணுக்கு மறைத்து, இன்னொருவர் கையில் கொடுங்கள். அவர் எண்களை எழுதட்டும். முள்ளைப் பார்த்தால் உதடு தானாகத் திருத்திவிடும்.
3. ஒவ்வொரு வால்வின் ஸ்லைடையும் வால்வை அழுத்தாமல் வெளியே இழுங்கள். பத்து வினாடி கழித்து வால்வை அழுத்தினால் 'டப்' என்ற சத்தம் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ காற்று கசிகிறது.
4. ரோட்டரியின் பின்மூடியைக் கழற்றி, ரோட்டரிலும் தட்டிலும் உள்ள கோடுகள் அழுத்தும்போதும் விடும்போதும் நேருக்கு நேர் நிற்கின்றனவா என்று பாருங்கள். விலகியிருந்தால் கார்க் மாற்றினாலே போதும். அதனாலேயே விலையைக் குறைத்துப் பேசலாம்.
5. கீழ் ஸ்தாயியை மெல்லத் தொடங்குங்கள். எஃப் டூபாவில் கீழ் சி, சி டூபாவில் கீழ் எஃப்: நாக்கு படாமல் மூச்சால் மட்டும் பத்து முறை எழுப்பிப் பாருங்கள். எட்டு முறையாவது உடனே பேச வேண்டும்.
6. கேட்பவரை 15 மீட்டர் தள்ளி உட்காரவைத்து, இரண்டு கருவிகளைப் பெயர் சொல்லாமல் மாற்றி மாற்றி வாசியுங்கள். பெல் உங்கள் தலைக்கு மேல் இருப்பதால், கருவிக்கு அடியில் நீங்கள் கேட்பது மண்டபம் கேட்பதல்ல.

வாசித்த கருவியின் வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணுள்ள கருவிதான் கைக்கு வர வேண்டும் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.